டோ ஞோ விரித்த சால்வை

டோ ஞோவைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் பூட்ஸுக்குத் தன் சால்வையை விரித்துப் போட்டவள் என்று இன்னமும் சொல்லித் திரிகிற வாய்கள் உண்டு. அந்த வாய்களில் ஒன்றுகூட அன்று அவளுக்குப் பக்கத்தில் இல்லை. நான் இருந்தேன். புத்தரைக் கும்பிட மலைமேல் பயா கோயிலுக்கு ஏறுகிற தெற்குப் படிக்கட்டில், முதல் படியை ஒட்டி அவளுடைய பூக்கடை. அதற்கு அடுத்தது என் மெழுகுவர்த்திக் கடை. அவள் இழுக்கிற சுருட்டின் புகை முதலில் என் மூக்கில்தான் ஏறும். ஆகவே நான் சொல்வதைக் கேளுங்கள்.

எங்கள் அரசரை வெள்ளைக்காரர்கள் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோன வருஷம், பத்து வயதில், அவளுக்குக் காது குத்தினார்கள். மறு வருஷம் அவள் அப்பாவைக் கொள்ளைக்காரன் என்று சொல்லி ஆற்றங்கரைப் புளியமரத்தில் கட்டிச் சுட்டார்கள். அந்த மனுஷன் எருமை மேய்த்தவர். கத்தியை வெற்றிலைப் பாக்கு சீவத்தான் எடுப்பார். இவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பிடித்த பயம் கடைசிவரை விடவில்லை. யாராவது பட்டாசு கொளுத்தினால்கூட காதைப் பொத்திக்கொண்டு கடைக்குள் குனிந்துவிடுவாள். கேலி செய்தால், "சிரிங்க, சிரிங்க" என்பாள், கையை எடுக்காமலே.

கட்டினவன் படகோட்டி. மேற்கே காட்டு மரம் இறக்கப் போனவன் காய்ச்சலில் போய்விட்டான். மிச்சம் இருந்தது ஒரே பையன், லூன். பூ விற்று அவனை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். நல்ல பையன், ஆனால் மூக்கின்மேல் கோபம். அவன் பள்ளிவிட்டு வருகிற வழியையே பார்த்துக்கொண்டு தொடுத்ததில் அவள் மாலைகள் எல்லாம் கோணலாகத்தான் இருக்கும். நான் சொல்லிக் காட்டினால், "புத்தர் அளவு பாத்தா வாங்குறாரு?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

இந்தக் கதையில் ஒரு துரை வருகிறார். பெயர் ஆட்லி. முதலில் சின்ன அதிகாரியாக வந்தார், போனார், பிறகு எங்கள் மாவட்டத்துக்கே தலைவராகத் திரும்பி வந்தார். மற்ற துரைகள் வேட்டைக்குப் போவார்கள், கிளப்பில் குடிப்பார்கள். இவருக்குக் கல்லெழுத்துப் பைத்தியம். பயாவின் மேல் தளத்தில் பழைய ராஜா ஒருவர் வெட்டிவைத்த கல் ஒன்று இருக்கிறது. எங்கள் பிக்குகளே அதன்மேல் சாய்ந்து முதுகு சொறிந்துகொள்வார்கள். இவர் அதன் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து காகிதத்தை ஒட்டி, கரி தேய்த்து, எடுத்துக்கொண்டு போவார். எங்கள் பாஷையை அந்தக் கல்லிலிருந்தே கற்றுக்கொண்டார் போல. முதல் நாள் கடை முன்னால் வந்து நின்று கேட்டாரே ஒரு கேள்வி:

"நறுமலர் விற்கும் நல்லாய்! புத்தபிரான் பொன்னடிக்கு ஒரு கொத்து ஈவாயோ?"

டோ ஞோ வாயிலிருந்து சுருட்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மா ஸு, என்னடி சொல்றாரு இவரு?"

"பூ கேக்குறாருக்கா."

"அதுக்கு எதுக்கு இவ்ளோ தூரம் சுத்தி வர்றாரு?"

ஆனால் அன்று அவர் செய்த இன்னொரு காரியத்துக்கு நாங்கள் சிரிக்கவில்லை. குனிந்து பூட்ஸைக் கழற்றினார். வெள்ளைக்காரர்கள் கழற்ற மாட்டார்கள். ராஜா இருந்த காலத்தில் அரண்மனையிலேயே அதற்காகச் சண்டை பிடித்தவர்கள். பூட்ஸைக் கழற்றினால் சர்க்கார் மானம் போய்விடும் என்பது அவர்களுடைய குலக் கட்டுப்பாடு. இவர் கழற்றிவிட்டு, சிவந்த பாதத்தோடு நின்று, அக்கம் பக்கம் பார்த்தார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. யாராவது துரை பார்த்துவிட்டால் கிளப்பில் அவர் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

டோ ஞோ தோளில் கிடந்த சால்வையை எடுத்துத் தரையில் விரித்தாள். "இதுல வைங்க." வைத்தார். நான்கு முனையையும் மடித்து மூடி, பூக்கூடைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். அவர் யாரிடமும் சொல்லாதே என்று கேட்டார். அவளும் புத்தர் சாட்சியாகச் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தாள். அதிலிருந்து அவர் தனியாக வரும்போதெல்லாம் இதே கதைதான். குதிரையை மரத்தடியில் விட்டுவிட்டு வருவார், இவள் சால்வையை விரிப்பாள், அவர் பூட்ஸைக் கழற்றி அதில் வைப்பார். ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. பக்கத்துக் கடை என்பதால் எனக்குத் தெரியும். என் வாயையும் அவள் கட்டிவைத்திருந்தாள்.

அவருக்கு எதைப் பார்த்தாலும் கேள்வி. கன்னத்தில் சந்தனம் எதற்கு, வாசலில் தேங்காய் எதற்கு, எல்லாம். ஒருமுறை மலைக்காட்டிலிருந்து வயதான பெரிய பிக்கு ஒருவர் வந்தார். அவர் கால் மண்ணில் படக்கூடாது என்று பெண்கள் எல்லாரும் வழிநெடுகச் சால்வையை விரித்தோம், சிலர் கூந்தலையே அவிழ்த்து விரித்தார்கள். ஆட்லி துரை ஓரமாக நின்று பார்த்தார். பிறகு அதை ஒரு கட்டுரையாக எழுதி, மகான்களுக்கு இந்நாட்டுப் பெண்கள் இப்படித்தான் மரியாதை செய்கிறார்கள் என்று அச்சுப் போட்டார். துரைமார் வட்டத்தில் அதற்கு நல்ல பேர் என்று லூன் எங்கிருந்தோ கேட்டுவந்து சொன்னான்.

சீமையில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊர்ப் பையன்கள் ஒரு பௌத்த சங்கம் வைத்தார்கள். லூன் அதில் முன்னால் நின்றான். படிக்கட்டின் அடியில் ஒரு பலகை நட்டார்கள்: பூட்ஸும் செருப்பும் அணிந்து யாரும் ஏறக்கூடாது. யாரும் என்ற சொல்லைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கமிஷனர் துரை, ஆட்லிக்கு மேலே இருக்கிறவர், மனைவியோடு ஸ்டீமரில் வருகிறார் என்று சேதி வந்தது. ஆட்லி படித்துச் சொன்ன அந்தக் கல்லைப் பார்க்கத்தான் வருகிறார்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் மத்தியானம் ஆட்லி தனியாக வந்தார். இவள் சால்வையை எடுக்கப் போனாள். அவர் வேண்டாம் என்று கையசைத்தார். முகம் வெளுத்திருந்தது. கல்லெழுத்து எல்லாம் எங்கேயோ போய், சந்தையில் பேசுகிற பேச்சு வந்தது.

"டோ ஞோ, நாளைக்கு உங்க பையன வீட்ல வச்சுக்கங்க."

"எதுக்குங்க?"

"பஞ்சாபிப் போலீஸ் வருது. துப்பாக்கியோட. வழிய மறிச்சா சுட உத்தரவு இருக்கு."

அவள் காதைப் பொத்தவில்லை. கை அந்தரத்திலேயே நின்றது. "நீங்க நாளைக்கும் பூட்ஸ கழட்டிடுங்க. பையங்க வழிய விட்ருவாங்க. அவ்ளோதானே?"

"முடியாது. நாளைக்கு வர்றது நான் இல்ல. சர்க்கார்."

"ஏன், சர்க்காருக்குக் கால் இல்லையா?"

 எனக்கு ஆத்திரம் பொங்கியது. இத்தனை வருஷம் வெறுங்காலோடு ஏறி இறங்கின மனுஷனுக்கு, அந்த வழக்கம் எவ்வளவு பழையது என்று எங்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே ஒருவர் இப்படி இரண்டு ஆளாக வாழ முடியுமா? தனியாக வந்தால் வெறுங்கால், கூட்டத்தோடு வந்தால் பூட்ஸ். வாய்வரை வந்ததை டோ ஞோவின் கண்ணைப் பார்த்து விழுங்கினேன்.

மாலையில் அவள் லூனிடம் கெஞ்சினாள். நானும் கூட இருந்தேன்.

"நாளைக்கு ஒருநாள் மட்டும் போகாதப்பா. உன் தாத்தாவ என் கண்ணு முன்னாடி சுட்டாங்க."

"தாத்தா சும்மா இருந்தாரு. அப்பவும் சுட்டாங்கல்ல? அப்ப நான் எதுக்கு சும்மா இருக்கணும்?"

"எனக்கு உன்னை விட்டா யாருடா இருக்கா?"

"நீ பயந்துக்கிட்டே இரும்மா. நான் படிய மறிச்சு உக்காரப் போறேன்." சோற்றை ஒதுக்கிவிட்டு எழுந்துபோனான்.

ஆட்லி எப்போதும் வெறுங்காலோடு ஏறுகிறவர் என்று டோ ஞோ ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், பையன்கள் அதை வைத்தே அவரை மடக்கியிருப்பார்கள். "சொல்லுக்கா" என்றேன். "புத்தர் சாட்சியா சொன்னதுடி" என்றாள். அதோடு இன்னொன்றும் இருந்தது. புருஷன் இல்லாத பொம்பளை ஒரு வெள்ளைக்காரனின் பூட்ஸை வருஷக்கணக்காகத் தன் சால்வைக்குள் ஒளித்துவைத்தாள் என்று வெளியே வந்தால், இந்த ஊர் அதற்குக் கை கால் வைத்து எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

காலையில் ஸ்டீமர் சங்கு ஊதியது. படிக்கட்டின் அடியில் குறுக்காகப் பையன்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நட்ட நடுவில் லூன், துவைத்த லுங்கியும் வெள்ளைச் சட்டையுமாக. ஊரே இரண்டு பக்கமும் நின்றது. போலீஸ் வந்து வரிசை கட்டியது. பின்னால் கமிஷனர், கனத்த மனுஷன், வேர்த்து வழிந்துகொண்டு. அவர் மனைவி வெள்ளைக் குடையோடு. ஆட்லி நடுவில். மூன்று பேர் காலிலும் பூட்ஸ் பளபளத்தது.

கமிஷனர் ஆட்லியிடம் ஏதோ உறுமினார். கமிஷனருக்கு எங்கள் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது. ஆட்லி முன்னால் வந்து, மறுபடி அந்தக் கல்லுப் பேச்சில் சொன்னார்:

"அரசாணைக்கு இடர் செய்யாது அகல்வீர்!"

"எந்த அரசரு?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். "அவரத்தான் கப்பல்ல ஏத்திட்டீங்களே!"

சிரிப்பு எழுந்தது. கமிஷனர் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் சிவந்தார். கையைத் தூக்கினார். பஞ்சாபிகள் சடசடவென்று துப்பாக்கியில் குண்டு அடைத்தார்கள். அந்தச் சத்தத்தில் சிரிப்பு நின்றது. பையன்களில் ஒருவன் எழப் பார்த்தான், லூன் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தான்.  பக்கத்தில் டோ ஞோ எழுந்தது தெரிந்தது, பிடிப்பதற்குள் போய்விட்டாள்.

துப்பாக்கிகளுக்கும் பையன்களுக்கும் நடுவில் நடந்து, நேராக ஆட்லியின் முன்னால் போய் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வாக்கை அவள் மீறவில்லை, அதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். தோளிலிருந்து சால்வையை எடுத்தாள். எத்தனையோ முறை செய்ததுபோலவே தரையில் விரித்து, முனைகளை நீவிவிட்டு, மண்டியிட்டு, அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். இதுல வைங்க. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். உலகத்தில் அது புரிந்தவர்கள் மூன்று பேர்தான், அவள், நான், ஆட்லி.

ஆட்லிக்குப் புரிந்தது. கை தானாகப் பூட்ஸ் கயிற்றை நோக்கிக் கொஞ்சம் இறங்கியதை நான் பார்த்தேன்.

அதற்குள் கமிஷனரின் முகம் மலர்ந்துவிட்டது. ஆட்லியின் முதுகில் தட்டி, சந்தோஷமாக என்னவோ சொன்னார். லூனுக்கு இங்கிலீஷ் தெரியுமே, அவன் பிற்பாடு சொன்னது இது: "ஆட்லி, உங்கள் கட்டுரையில் இருப்பதேதான்! மரியாதை செய்கிறாள்!" சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி அவளுக்கு ஒரு வணக்கம் வைத்தார். மரியாதையை ஏற்றுக்கொள்ளாவிட்டால் அந்த ஏழை மனசு நோகும் என்று நினைத்தாரோ என்னவோ, காலைத் தூக்கி, பூட்ஸோடு அந்தச் சால்வையின் நடுவில் வைத்தார்.

ஒரு சொல் போதும். "அது அதற்கு விரித்ததல்ல" என்று ஆட்லி தம் பாஷையிலேயே ஒரு சொல் சொன்னால் போதும். பிறகு எதற்கு விரித்தாள், உனக்கு எப்படித் தெரியும் என்று கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து, இறங்கின கையைத் தூக்கிப் பின்னால் கட்டிக்கொண்டார். சும்மா நின்றார்.

லூன் பார்த்தது வேறு. புத்தர் முன்னால் போர்த்திக்கொள்கிற சால்வைமேல் வெள்ளைக்கார பூட்ஸ். அதற்குக் கீழே மண்டியிட்டபடி அவன் அம்மா. ஒரு கத்துக் கத்திக்கொண்டு பாய்ந்து வந்தான். சுடவில்லை. முன்னால் நின்ற பஞ்சாபி துப்பாக்கியைத் திருப்பி, அடிக்கட்டையால் முகத்தில் ஒன்று போட்டான். லூன் சால்வைமேலேயே விழுந்தான். டோ ஞோ அவன் தலையை மடியில் இழுத்துக்கொண்டு போட்ட ஓலம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. கமிஷனர் மனைவி மயக்கம் வந்து சரிந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஸ்டீமருக்கே திரும்பினார்கள். பூட்ஸ் எதுவும் படி ஏறவில்லை. அதை வெற்றி என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

லூனின் இடது கண் போய்விட்டது. கண்ணில் போட்ட கட்டோடேயே சிறைக்குக் கொண்டுபோனார்கள். டோ ஞோ வாராவாரம் சோறு கட்டிக்கொண்டு போனாள். அவன் வாங்கவில்லை. கம்பிக்குப் பின்னால் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தானாம். ஒரே ஒரு முறை கேட்டானாம், "யாருக்கும்மா விரிச்ச?" அவள் வாயைத் திறக்கவில்லை. மழை தொடங்கினபோது விட்டார்கள். வீட்டுக்கு வந்தான், வேறு போக்கிடம் இல்லை. அவளோடு பேசவில்லை. கடைக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்து பூத் தொடுத்தான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல் ஊசி விரலில் குத்தும். அவள் மருந்து எடுத்தால் கையை இழுத்துக்கொள்வான். ஊரிலோ ஜாடைப் பேச்சு. "சால்வைக்காரி" என்று பேரே வைத்துவிட்டார்கள். பூ வாங்குகிறவர்கள் அடுத்த படிக்கட்டுக்குப் போனார்கள்.

"உன் வாக்கும் நீயும்!" என்று ஒருநாள் கத்தினேன். "பெத்த பிள்ளையவிட அந்தாளோட பூட்ஸ் பெருசா போச்சா உனக்கு? நான் சொல்றேன் அவன்கிட்ட."

"நீ சொன்னா, அம்மாவக் காப்பாத்த பக்கத்துக் கடைக்காரி பொய் சொல்றான்னுதான் நெனப்பான்" என்றாள். அவள் சொன்னது சரி. கண்ணில் தண்ணீர் இல்லை, அழுது முடித்திருந்தாள்.

மழை விட்டபிறகு ஆட்லி வந்தார். மாற்றல் உத்தரவு வந்துவிட்டதாம், மறுநாள் ஸ்டீமராம். போகிற நேரத்தில் தைரியம் வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கடை முன்னால் நின்று பூட்ஸைக் கழற்றினார். டோ ஞோ எழுந்திருக்கவில்லை. சால்வையும் அவளிடம் இல்லை, அதன்பிறகு அவள் எதுவும் போர்த்துவதில்லை. பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு நான் பேசியிருக்கணும்" என்றார்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே." தலையைத் திருப்பாமல் உள்பக்கம் காட்டினாள். "அதோ உக்காந்திருக்கான். தெரியாதவன்கிட்ட சொல்லுங்க."

துரை உள்ளே பார்த்தார். லூன் ஊசியை நிறுத்திவிட்டு ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தான். அப்போது படியில் இரண்டு சர்க்கார் குமாஸ்தாக்கள் இறங்கி வந்தார்கள். கையில் பூட்ஸோடு நிற்கிற துரையைப் பார்த்து நின்றுவிட்டார்கள். ஆட்லி அவர்களைத் திரும்பிப் பார்த்தார். போச்சு, போட்டுக்கொண்டு ஓடப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

ஓடவில்லை. குனிந்து, என் கடை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார். "நான் எப்பவும் பூட்ஸ கழட்டிட்டுத்தான் ஏறுவேன். உங்க அம்மாதான் சால்வைய விரிச்சு, அதுல வச்சு மறைச்சு வைப்பாங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுத்தாங்க. அன்னைக்கு விரிச்சது பெரிய துரைக்கு இல்ல. என்னைக் கழட்டச் சொல்லித்தான் விரிச்சாங்க. நான் கழட்டல. எதுக்கு விரிச்சாங்கன்னு அவர்கிட்ட சொல்லவும் இல்ல."

 லூன் கையிலிருந்த ஊசியை மாலையில் குத்திவைத்தான்.

"நீங்க சொல்லியிருந்தா என் கண்ணு இருந்திருக்கும்" என்றான்.

"ஆமா" என்றார் ஆட்லி.

இன்னும் ஏதாவது கிடைக்கும் என்று நின்றார் போல. மன்னிப்போ, வசவோ. லூன் அதன்பிறகு அவர் பக்கம் திரும்பவே இல்லை. மடியில் கிடந்த பாதி மாலையை எடுத்தான். நூல் தீர்ந்திருந்தது.

"அம்மா" என்றான். "நூல் குடும்மா."

டோ ஞோ நூல்கண்டைத் தேடினாள். கையிலேயே வைத்துக்கொண்டு தேடினாள்.